ஏடு, நாடா, வன்தட்டு: வீட்டு இசைப்பதிவுக்கூடமும் சேமிப்பூடகத் தேர்வின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

இசையைப் பதிவுசெய்வதற்கு ஏற்ற ஊடகமும் பதிவுசெய்த இசையைக் காப்பதற்கு ஏற்ற ஊடகமும் ஒன்றல்ல. ஏட்டுக்காலத்திலும் இசைத்தட்டுக் காலத்திலும் ஒலிநாடாக் காலத்திலும் இவ்விரண்டும் தனித்தனியே இருந்தன. கணினி வன்தட்டின் வருகையால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. அதனால் விளைந்த இழப்பை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. கடலூர் மாவட்டம் கம்மாபுரம் வட்டாரத்தையும் அதனைச் சூழ்ந்த தில்லை, எருக்கத்தம்புலியூர் முதலிய தலங்களையும் களமாகக் கொண்டு, சிற்றூரில் வீட்டு அறையையே பதிவுக்கூடமாக்கிக்கொள்ளும் ஒருவர் எவ்வகை வட்டுகளை எதன்பொருட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் வினாவுக்கு இவ்வரலாற்றிலிருந்து விடை காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இசைப்பதிவு, சேமிப்பூடகம், வன்தட்டு, ஒலிநாடா, தேவாரப் பண், வீட்டுப் பதிவுக்கூடம், கம்மாபுரம்

முன்னுரை

கம்மாபுரம், விருத்தாசலம் வட்டத்தில் அமைந்த ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். ஒருபுறம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கங்களும் மறுபுறம் நெல்வயல்களுமாக விளங்கும் இவ்வட்டாரத்தில் திரௌபதியம்மன் விழாக் கூத்து, ஒப்பாரி, நடவுப்பாட்டு, கோயில் ஓதுவார் மரபு எனப் பலவகை இசை இன்றும் வழங்குகின்றது. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய சுரங்கப்பணி பல ஊர்களை இடம்பெயரச் செய்தது. ஊர் பெயர்ந்தால் அவ்வூர்ப் பாட்டும் பாடுவோரோடு சிதறும். ஆகவே இங்கு இசைப்பதிவு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு வகையில் ஆவணப்பணியும் ஆகும்.

ஒரு மடிக்கணினி, ஒலி இடைமுகக் கருவி ஒன்று, இரண்டு மைக், சுவரில் தொங்கவிட்ட கனத்த போர்வை ஆகியவை இருந்தால் வீட்டின் ஓர் அறை பதிவுக்கூடமாகிவிடும். இவற்றுள் மைக்கைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் விரிவாகப் பேசுவோர், பதிவு சென்று தங்கும் வட்டைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசினாலும் அதன் வேகத்தையும் கொள்ளளவையும் மட்டுமே பேசுகின்றனர். அந்த இரண்டும் முதன்மையான அளவுகோல்கள் அல்ல என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தில்லை ஏட்டறையும் எருக்கத்தம்புலியூர்ப் பண்ணும்

இசைச் சேமிப்பின் தோல்வி குறித்துத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விரிவான கதை இவ்வட்டாரத்திற்கே உரியது. உமாபதி சிவாச்சாரியார் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறைகண்ட புராணம் அதனைக் கூறுகிறது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் அவ்வறையைத் திறப்பித்தான். ஏடுகள் கரையான் புற்றால் மூடப்பட்டிருந்தன. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்தபோது எஞ்சியவை மட்டும் கிடைத்தன. இன்று வழங்கும் பதிகங்கள் ஏறக்குறைய 800. பாடப்பட்டவையாகப் புராணம் கூறும் எண்ணிக்கையோ இலட்சத்தைத் தாண்டுகிறது.

இக்கதையின் வரலாற்றுத் தன்மை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பல்லவர் காலத்துத் திருவல்லக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோர் குறிக்கப்படுவதால், இராசராசனுக்கு முன்பே பாடல்கள் கோயில்தோறும் வழங்கின என்பது தெளிவு. எனினும் சேமிப்பு நோக்கில் இக்கதை கூறும் செய்தி நுட்பமானது. ஏடுகள் ஓரிடத்தில் இருந்தன. பூட்டிய அறையில் இருந்தன. நெடுங்காலம் எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஓலையின் குற்றம் அன்று அது. முறையாகப் படியெடுக்கப்பட்ட ஓலை பல தலைமுறைகளுக்குச் செய்தியைக் கொண்டு செல்லும் என்பதற்குச் சங்க இலக்கியங்களே சான்று.

கதையின் இரண்டாம் பகுதி இசைப்பதிவாளர்க்கு இன்னும் நெருக்கமானது. ஏடுகளில் சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. பண்ணடைவை வகுக்க, திருஞானசம்பந்தரோடு உடனிருந்து யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த பெண்ணொருவரை எருக்கத்தம்புலியூரிலிருந்து அழைத்து வந்தனர் என்கிறது புராணம். எருக்கத்தம்புலியூர் என்பது இன்றைய இராஜேந்திரப்பட்டினம். விருத்தாசலத்துக்குத் தெற்கே உள்ளது. அப்பெண்ணின் பெயரைப் புராணம் தரவில்லை. சொல்லைக் காத்த ஏடு கரையானுக்கு இரையாகியபோதும், இசையைக் காத்த குடும்ப நினைவு சிதையாமல் இருந்தது என்பதே புராணத்தின் கூற்று.

இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இதற்கு வேறொரு விளக்கம் தருகிறது. திருப்பதியம் பாட 48 பேரும் முழவு முதலியன இசைக்க இருவருமாக 50 பேர் அங்கு அமர்த்தப்பட்டனர். ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருடைய உறவினருள் தகுதியுடையவர் அவ்விடத்தை நிரப்பவேண்டும் என்ற ஏற்பாடும் அக்கல்வெட்டில் உண்டு. வழிபாட்டுக்கான நிவந்தம்தான் அது. ஆனால் ஒரே பாடல் 48 நெஞ்சங்களில் இருப்பதும், ஒன்று மறைந்தால் மற்றொன்று அவ்விடத்தை நிரப்புவதும் மிகச் செம்மையான சேமிப்பு ஏற்பாடாகும் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

மெழுகும் அரக்கும்

1877-இல் எடிசன் ஒலிவரைவியை உருவாக்கினார். 1887-இல் எமில் பெர்லினர் தட்டையான தட்டில் ஒலியைப் பதிக்கும் கிராமபோனை அமைத்தார். 1902-இல் கல்கத்தாவுக்கு வந்த பிரெட் கெய்ஸ்பெர்க், கௌஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிவுசெய்தார். அப்பதிவுகள் செருமனியின் ஹனோவருக்கு அனுப்பப்பட்டுத் தட்டுகளாக அச்சிடப்பட்டு மீண்டும் இந்தியா வந்தன. 1908-இல் கல்கத்தாவிலேயே அச்சுத் தொழிற்கூடம் திறக்கப்பட்டது.

அம்முறையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பாடகர் பாடும்போது ஊசி தடித்த மெழுகுத் தட்டில் பள்ளம் கீறும். அம்மெழுகு ஒருமுறை பதிவதற்கே உரியது, காப்பதற்கு உரியதன்று. அதன்மேல் உலோகப் பூச்சேற்றி எதிர்வார்ப்பு எடுப்பர். அவ்வார்ப்பிலிருந்து தாய்த்தட்டு, தாய்த்தட்டிலிருந்து அச்சு, அச்சிலிருந்து அரக்குத் தட்டு. பதிவுக்கு மெழுகு, காப்புக்கு உலோகம், வழங்கலுக்கு அரக்கு எனப் பொருளே மூன்றாக இருந்தது. அதனால் மூன்றையும் ஒருவரும் குழப்பிக்கொள்ளவில்லை. பல இசைத்தட்டுகளின் உலோக மூலம் பிற்காலத்தில் காணாமற் போனது. ஆயினும் வீடுகளில் விற்பனையான அரக்குத் தட்டுகள் சேகரிப்பாளர் கைகளிலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களிலும் எஞ்சின. நூறாண்டுக்கு முந்தைய தமிழ் நாடகப் பாடலொன்றை இன்று நாம் கேட்க முடிவது, அக்காலத்தார் வாங்கிய படிகள் பல வீடுகளில் இருந்தமையால்தான்.

அரக்குத் தட்டு தன் அளவை இசையின்மேல் சுமத்தியது என்பதும் உண்மை. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மிகுதியாகவே பாட இயலும். தமிழகத்தில் நாடகம், கிராமபோன், திரைப்படம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவை ஸ்டீபன் ஹியூஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். முழுநாடகங்கள் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாகச் சுருக்கி விற்கப்பட்டன. எட்டு மணிநேரக் கூத்தை அப்படியே பதிவதாயின் 160 பக்கங்கள், அதாவது 80 தட்டுகள் தேவைப்பட்டிருக்கும். கூத்தும் ஒப்பாரியும் அக்காலத்தில் மிகுதியாகப் பதிவாகாமைக்கு வணிகக் காரணத்தோடு இக்கொள்ளளவுக் காரணமும் உண்டு.

நாடாவின் காலம்

1935-இல் செருமனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் காட்சிப்படுத்திய காந்த ஒலிநாடாக் கருவி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் உலகெங்கும் பரவியது. நாடா நீளமானது, வெட்டி ஒட்டத்தக்கது, அழித்து மீண்டும் பதியத்தக்கது. இம்மூன்றாம் பண்பே அதன் ஆபத்தும் ஆயிற்று. நாடா விலை மிகுந்த காலத்தில் பழைய நிகழ்ச்சியை அழித்துப் புதியதைப் பதிவது உலகின் பல ஒலிபரப்பு நிறுவனங்களில் இயல்பான நடைமுறையாக இருந்தது. மெழுகுக்கும் உலோகத்துக்கும் இடையே இருந்த வேலி நாடாவில் இல்லை. பதிவும் காப்பும் ஒரே பொருளால் ஆனபோது, பதிவின் தேவை காப்பை விழுங்கியது. இம்மயக்கத்தின் தொடக்கம் இங்கேதான் உள்ளது.

ஆயினும் பெரும் பதிவுக்கூடங்கள் மூலநாடா, காப்புநாடா என இரண்டு வைக்கும் ஒழுங்கைக் கைக்கொண்டன. நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் பெருங்கருவி பதிவுக்கும், 1963-இல் பிலிப்ஸ் அறிமுகம் செய்த, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் சிறு கேசட் வழங்கலுக்கும் உரியவையாயின. 1980-களில் கேசட் இந்தியச் சிற்றூர்களின் இசைவணிகத்தை மாற்றியமைத்ததைப் பீட்டர் மானுவல் 1993-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். தருமபுரம் சுவாமிநாதன் பாடிய திருமுறைப் பதிவுகள் கேசட்டுகளாகக் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் பரவியமையால்தான் பல தலைமுறையினர் பண்ணமைதியோடு தேவாரத்தைக் கேட்டனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை தாங்கிய எம்.எம். தண்டபாணி தேசிகர் போன்றோர் வகுப்பில் நேரடியாகக் கற்பித்ததை, கேசட் வேறொரு வழியில் வீடுதோறும் கொண்டு சென்றது.

நாடா மெல்ல அழியும். 1970-களிலும் 80-களிலும் செய்யப்பட்ட சிலவகை நாடாக்களில் காந்தத் துகளைப் பிணைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடுகிறது. அவற்றை ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் பல மணிநேரம் மெதுவாகச் சூடேற்றினால் சிறிது காலம் ஓடும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். கடற்கரை மாவட்டங்களின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை அறிந்தவர்க்கு இந்த ஈரம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கோடம்பாக்கத்து வீட்டுக்கூடம்

தமிழ்நாட்டில் வீட்டோடு இணைந்த பதிவுக்கூடத்தின் வரலாற்றில் ஏ.ஆர். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஒரு திருப்புமுனை. 1992-இல் வெளிவந்த ரோஜா அதன் ஒலியை நாடறியச் செய்தது. எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பதிவாளர்களின் பங்கும் அவ்வொலியில் பிரிக்கவொண்ணாதது. அக்கூடத்தின் கருவிகளைப் பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. உரிமை நோக்கில் நேர்ந்த மாற்றம் அந்த அளவு பேசப்படவில்லை. அதுவரை பதிவுநாடா பெரும்பாலும் படநிறுவனத்திடமோ இசைத்தட்டு நிறுவனத்திடமோ வாடகைக் கூடத்திடமோ இருந்தது. இசையமைப்பாளர் தம் வீட்டிலேயே பதியத் தொடங்கியபின் மூலப்பதிவைக் காக்கும் பொறுப்பும் அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதே ஆண்டுகளில் உலகெங்கும் வீட்டுக்கூடங்களைப் பெருக்கிய கருவி அடாட். 1991-இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த அது, வீடியோ கேசட் ஒன்றில் எட்டுத் தடங்களை எண்ணிம முறையில் ஏறத்தாழ 40 நிமிடம் பதிந்தது. 1991-இலேயே நான்கு தடங்களைக் கணினியின் வன்தட்டில் பதியும் புரோ டூல்ஸ் வெளிவந்தது.

வன்தட்டு அப்போது புதியதன்று. 1956-இல் ஐ.பி.எம். உருவாக்கிய முதல் வன்தட்டு 50 தட்டுகளோடு 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்றைய இசைக்கணக்கில் அது ஒற்றைத் தடத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 1990-களின் தொடக்கத்தில் 300 மெகாபைட் வட்டு ஒன்றில், நான்கு தடங்களைக் குறுந்தகட்டுத் தரத்தில் பதிந்தால் 14 நிமிடமே கொள்ளும். ஒரு பாட்டு முடிந்ததும் வட்டைத் துடைத்தால்தான் அடுத்த பாட்டு. ஆகவே பாட்டை நாடாவுக்கு மாற்றிய பிறகே துடைத்தனர். வட்டின் சிறுமை காப்பொழுங்கை வலிந்து நிலைநிறுத்தியது. வட்டு பெருத்தபோது அவ்வொழுங்கு தளர்ந்தது. இடம் இருக்கும்வரை எதையும் மாற்றவேண்டியதில்லை; இடம் தீர்ந்தால் வட்டையே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் புதியது வாங்கலாம். பதிவு வட்டு தானாகவே காப்பு வட்டாயிற்று.

இதன் பயன் 2024-இல் வெளிப்பட்டது. அமெரிக்க இசை நிறுவனங்களின் பழம்பதிவுகளைப் பாதுகாக்கும் அயர்ன் மவுண்டன் நிறுவனம், தன்னிடம் வந்த 1990-களின் வன்தட்டுகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று படிக்கவியலாத நிலையில் உள்ளதாகத் தெரிவித்தது. அவை குளிரூட்டிய அறைகளில் ஒழுங்காக வைக்கப்பட்டவையே. தில்லை ஏட்டறையைப் போலவே அவையும் ஓரிடத்தில், மூடி, நெடுங்காலம் தொடப்படாமல் இருந்தன.

அரக்குத் தட்டுக்கும் வன்தட்டுக்கும் இடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. மக்களிடம் பரவும் பாட்டு, கலந்து முடித்த இறுதி வடிவமே. குரல் தனி, தவில் தனி, நாகசுரம் தனி எனப் பிரிந்த தடங்கள் எவர் வீட்டிலும் படியாக இரா. அவை இருப்பது பதிவு செய்தவரின் வட்டில் மட்டுமே. முந்தைய எவ்வூடகத்திலும் இல்லாத அளவுக்கு இப்போது மூலம் தனித்துவிட்டது.

வேகம் பற்றிய கணக்கு

இனி வட்டின் தேர்வுக்கு வருவோம். ஒலியாவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவான நொடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 24 பிட் என்ற தரத்தைக் கொள்வோம். ஒரு தடத்துக்கு நொடிக்கு 1,44,000 பைட். எட்டு மைக் வைத்தால் நொடிக்கு 11.5 இலட்சம் பைட், அதாவது ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மிகுதி. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண வன்தட்டு தொடர்ச்சியாக எழுதும் வேகம் நொடிக்கு 100 மெகாபைட்டைத் தாண்டும். பதிவுக்கு வேகம் ஒரு தடையே அன்று.

பல தடங்களை ஒருசேரப் படிக்கும்போதுதான் வன்தட்டு திணறும். நிமிடத்துக்கு 7,200 சுற்றும் தட்டில் வேண்டிய இடம் ஊசிமுனையின் கீழ் வரச் சராசரியாக 4.2 மில்லிநொடி ஆகும். ஊசிமுனை தடம் மாற மேலும் 9 மில்லிநொடி எனக் கொள்வோம். 24 தடங்களை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 0.3 நொடி. ஒவ்வொரு தடத்திலும் 0.3 நொடிக்கு மேற்பட்ட ஒலியை முன்கூட்டியே எடுத்து நினைவகத்தில் வைத்தால் சிக்கல் இல்லை. அது வெறும் 45 கிலோபைட். நினைவகம் அருகியிருந்த 1990-களில் இது பெருஞ்சிக்கல். அக்கால வட்டுகள் வெப்பத்துக்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ள இடையிடையே நின்றதால் ஒலி அறுபட்டது. அதனைத் தவிர்க்க ஒலி, ஒளிப் பணிக்கென்றே தனி வட்டுகள் விற்கப்பட்டன. அந்நாளைய அச்சமே இன்றும் வேகம் பற்றிய பேச்சாக எஞ்சி நிற்கிறது.

எஸ்.எஸ்.டி. என வழங்கும் திண்மநிலை வட்டில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. சாட்டா இணைப்பில் நொடிக்கு 550 மெகாபைட் அளவிலும் என்.வி.எம்.இ. இணைப்பில் அதனினும் பன்மடங்கும் அது படிக்கும். வீணை, மிருதங்கம் போன்ற கருவிகளின் ஆயிரக்கணக்கான ஒலித்துணுக்குகளை விசைப்பலகையில் வாசிக்கும் இசையமைப்பாளர்க்கு இவ்வேகம் உண்மையாகவே பயன்படும். கூத்தையும் ஓதுவாரையும் பதிபவர்க்கு வேறொரு காரணத்தால் அது வேண்டும்: அமைதி. 7,200 சுற்று என்பது நொடிக்கு 120 அதிர்வு. ஆண்குரலின் ஒரு கட்டைச் சுருதி ஏறத்தாழ 131. பாடகரும் கணினியும் ஒரே அறையில் இருக்கும் வீட்டுக்கூடத்தில் வன்தட்டின் முனகல் ஆதார சுருதிக்குப் பக்கத்திலேயே வந்து அமர்கிறது. மேசைமேல் வைத்த மைக் நிலைக்கு அது மரத்தின் வழியாகவும் ஏறும். தம்பூராவுக்குக் கீழே இன்னொரு பிசகிய தம்பூரா ஒலிப்பது போன்றது அது.

ஆகவே வேலைசெய்யும் வட்டு எஸ்.எஸ்.டி.யாக இருத்தல் நன்று. அதிலும் விலை மிகுந்த வகை வேண்டியதில்லை.

கொள்ளளவுக் கணக்கு இன்னும் எளிது. ஒரு தடம் ஒரு மணிக்கு 518 மெகாபைட். எட்டுத் தடங்களில் எட்டு மணிநேரக் கூத்து ஏறத்தாழ 33 கிகாபைட். 80 அரக்குத் தட்டுகளில் ஒற்றைத் தடமாகச் சுருங்கவேண்டியிருந்த ஓரிரவு, இப்போது ஒரு டெராபைட் வட்டில் முப்பது முறை அடங்கும்.

வெப்பமும் வெள்ளமும்

வேகத்திலும் கொள்ளளவிலும் சிக்கல் இல்லையெனில் சிக்கல் எங்கே? கம்மாபுரத்தின் கோடையிலும் கார்மழையிலும் இருக்கிறது.

எஸ்.எஸ்.டி. தரவை மின்னேற்றமாகச் சிறைப்படுத்தி வைக்கிறது. அவ்வேற்றம் மெல்லக் கசியும்; வெப்பம் மிகுந்தால் விரைந்து கசியும். ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பின் வரையறைப்படி, எழுதும் ஆயுளை முழுதும் தீர்த்த வீட்டுப் பயன்பாட்டு எஸ்.எஸ்.டி., மின்சாரம் இன்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதுமானது. புதிய வட்டு இதைவிட நெடுநாள் தாங்கும் என்பது மெய்யே. ஆனால் சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டின் பரணிலோ இரும்பு அலமாரியிலோ 30 பாகை என்பது விடியற்காலை வெப்பமே. பதிவு முடித்த எஸ்.எஸ்.டி.யை உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிட்டுச் சில ஆண்டுகள் மறந்திருப்பது பெரும் பிழை. பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் இது மேலும் பொருந்தும்.

வன்தட்டில் தரவு காந்தமாக உறைவதால் மின்சாரமின்றியும் நிற்கும். அதன் நலிவு பொறியியல் சார்ந்தது: கீழே விழுந்தால் முனை சிதையும், பல்லாண்டு ஓடாமல் கிடந்தால் சுழலாமற்போகலாம். ஆண்டுக்கொருமுறையேனும் இணைத்து ஓடவிட வேண்டும். வாங்கும்போது கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சிலவகை வன்தட்டுகளில் தடங்கள் கூரை ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதப்படுகின்றன. எஸ்.எம்.ஆர். என்பது அதன் பெயர். ஓர் ஓட்டை மாற்ற அடுத்த ஓடுகளையும் பெயர்க்க வேண்டியிருப்பது போல, அதில் திருத்தி எழுதுவது மெதுவாக நடக்கும். ஒருமுறை எழுதி வைக்கும் காப்புக்கு அது போதும். வேலை வட்டாக ஆகாது. தடங்கள் படியாத சி.எம்.ஆர். வகை இரண்டுக்கும் ஏற்றது. அட்டைப்பெட்டியில் இவ்வேறுபாடு பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. உற்பத்தியாளரின் விவரக்குறிப்பில் தேடிப் பார்க்க வேண்டும்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர், புதுச்சேரிக் கரையைக் கடந்தது. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளம் அங்கிருந்த வன்தட்டுத் தொழிற்சாலைகளை முடக்கியமையால் உலகெங்கும் வட்டின் விலை ஏறியிருந்தது. புயலில் கணினி இழந்தவர் புது வட்டு வாங்க நினைத்தபோது அதன் விலையும் எட்டாத நிலையில் இருந்தது. 2015-ஆம் ஆண்டு வெள்ளம் கடலூர் மாவட்டத்தை மீண்டும் மூழ்கடித்தது. ஒரே வீட்டில் வைத்த இரண்டு வட்டுகள் வெள்ளத்தின் கணக்கில் ஒரு வட்டே. ஒரே பெட்டியில் இரு வட்டுகள் ஒன்றையே எழுதும் ரெய்டு அமைப்பும் அத்தகையது. வட்டு பழுதானால் அது காக்கும், ஆனால் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்த்தே அழிக்கும். மின்தடையின்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுபடுவதைத் தவிர்க்க யு.பி.எஸ். ஒன்று வேண்டும். விலையுயர்ந்த வட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடலாம்.

வேலை வட்டு, காப்பு வட்டு, அயலூர்ப் படி

மேற்கண்டவற்றிலிருந்து வீட்டுக்கூடத்துக்கான தேர்வு ஒருவாறு தெளிவாகிறது. பதிவுக்கும் திருத்தத்துக்கும் ஓர் எஸ்.எஸ்.டி.; அதற்கு மெழுகின் நிலையே உரியது; எதுவும் அதில் நிலையாகத் தங்கலாகாது. பதிவான அன்றே முழுவதையும் வன்தட்டு ஒன்றுக்குப் படியெடுக்க வேண்டும். மற்றொரு வன்தட்டு வேறூரில் இருக்க வேண்டும். இணைய வசதி இடம்தந்தால் மேகச் சேமிப்பில் நான்காவது படியும் வைக்கலாம். ஆனால் மாதக் கட்டணம் நின்றால் அப்படியும் நிற்காது என்பதை மறத்தலாகாது. இரு வன்தட்டுகளையும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே வகையாக வாங்காதிருப்பது நல்லது. ஒரே தயாரிப்புத் தொகுதியின் குறை இரண்டையும் ஒருசேர வீழ்த்தக்கூடும்.

வட்டு நலமாக இருந்தும் பாட்டு கிடைக்காமற் போவதுண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2007-இல் வெளியிட்ட கணினித் தேவாரம் குறுந்தகடு வடிவில் வந்தது. இன்றைய மடிக்கணினி பலவற்றில் குறுந்தகட்டைச் செலுத்தும் வாயிலே இல்லை. அப்பணி இணையத்திலும் இடம்பெற்றமையால் தொடர்ந்து பயன்படுகிறது. 1990-களின் வட்டுகளை இணைக்கும் ஸ்கசி கம்பிகளும் இன்று கிடைத்தற்கரியவை. மென்பொருளுக்கும் இது பொருந்தும். ஒரு பதிவு மென்பொருளின் திட்டக்கோப்பு அம்மென்பொருள் உள்ளவரையே திறக்கும். அதன் நிலை பண்ணறிவார் இல்லாத தேவார ஏட்டின் நிலை. ஆகவே ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து முழுநீள வேவ் கோப்பாக வெளியெடுத்து வைக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே பாடியவர், ஊர், நாள், சுருதி ஆகியவை இருக்க வேண்டும். எம்.பி.3 வடிவம் வழங்கலுக்கு மட்டுமே; மூலமாகாது.

1938-இல் தென்னிந்தியாவில் ஆர்னால்ட் பேக் பதிவுசெய்த இசையை, 1984-இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அதே ஊர்களுக்கு மீண்டும் எடுத்துச் சென்று, பாடியவரின் வழியினரிடம் போட்டுக்காட்டினர். பதிவு அயல்நாட்டுக் காப்பகத்தில் இருந்தமையால் அது இயன்றது; பாடிய ஊரில் அதுவரை படி இல்லாமையால் அது தேவைப்பட்டது. இராஜேந்திரப்பட்டினத்திலோ கம்மாபுரத்திலோ இன்று ஒருவர் பதியும் ஒப்பாரிக்கு அயலூர்ப் படி யாரிடம் இருப்பது தகும் என்ற வினாவுக்கு இவ்விரண்டையும் கருதி விடை காணலாம். கூடத்தார் வீட்டில் ஒன்று, பாடியவரின் குடும்பத்தில் ஒன்று, பல்கலைக்கழகத்திலோ நூலகத்திலோ ஒன்று. பாடியவரின் குடும்பத்திடம் வன்தட்டைக் கொடுக்கும்போது, கைபேசியில் கேட்கத்தக்க எம்.பி.3 படியையும் உடன் இட்டு, அடுத்து எந்த ஆண்டு புது வட்டுக்கு மாற்றவேண்டும் என்பதை அதன் மேலேயே தமிழில் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு என்பது ஏற்கத்தக்க இடைவெளி.